சென்ற் அன்றூசின் பசுந்தரவை

ஐரோப்பாக் கண்டத்துக்கு விடுமுறைப் பயணம் செல்வோர் எழுதிவைத்துக்கொள்ளும் இடங்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரே தன்மையதாக இருக்கும். பாரிஸ் மாநகரத்து ஈபிள் கோபுரம், உரோமாபுரியின் பழைய வட்டரங்கு, வெனிஸ் நகரத்து நீர்வீதிகள், சுவிற்சர்லாந்தின் பனிமலைகள் என்பன அப்பட்டியலில் தவறாது இடம்பெறும். கொல்ப் மைதானம் ஒன்றைப் பார்த்து வருவதற்காக ஒரு குடும்பம் புறப்படுகின்றது என்றாற் கேட்போர் நகைப்பர். அது செல்வர் ஆடும் ஆட்டமன்றோ, மட்டையைத் தொட்டும் அறியாத நமக்கு அங்கே என்ன வேலை என்பர். இவ்வினா நியாயமானதே. ஆயினும், ஐரோப்பாவின் இயற்கை வனப்பைக் காண விரும்புவோர் கொல்ப் மைதானங்களை ஒதுக்கிவிடுதல் தகாது என்பதே எமது கருத்து. ஏனெனில், அவ்வாட்டத்துக்கு விரிந்த வெளி வேண்டும், மேடும் பள்ளமும் வேண்டும், பசும்புல் வேண்டும். இவை யாவும் ஒருங்கே அமைந்த இடங்கள் பெரும்பாலும் கடலோரத்திலும் மலைச்சாரலிலுமே உள்ளன.

எடுத்துக்காட்டாகச் சிலவற்றைக் கூறலாம். பிரான்சு தேசத்தின் தென்மேற்கே போ என்னும் நகரம் உண்டு. 1856ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய கொல்ப் கழகமே ஐரோப்பியப் பெருநிலத்தில் முதன்முதல் எழுந்தது. மைதானத்தருகே ஆறு ஓடுகின்றது. தெற்கே பிரனீஸ் மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. சுவிற்சர்லாந்தின் வலே மாநிலத்திலே, ஏறக்குறைய 1,500 மீற்றர் உயரத்தில், கிரான்ஸ் என்னும் மலையூர் இருக்கின்றது. அங்குள்ள மைதானத்தில் நின்று பார்ப்போர்க்கு றோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு காலடியிலும், அல்ப்ஸ் மலைச் சிகரங்கள் கண்ணெதிரிலும் தோன்றும். கோடையிற் பந்து உருளும் நிலம் மாரியிற் பனியால் மூடப்பட்டுவிடும். வட அயர்லாந்திலே நியூகாசில் என்னும் கடற்கரையூரில் 1889இல் அமைந்த கவுண்டி டவுன் மைதானமோ மோர்ண் மலைகளின் அடிவாரத்தில், மணற்குன்றுகளுக்கிடையே கிடக்கின்றது. வேனிற் பருவத்தில் அக்குன்றுகளின் முட்புதர்கள் மஞ்சட் பூக்களால் நிறைந்து பொன் பூசியனபோல் விளங்கும்.

இவை யாவும் அழகியனவே. எனினும், ஒன்றை மட்டும் பார்க்க நேரமுள்ளவர்க்கு நாம் சுட்டிக்காட்டுவது வேறோர் இடம். அதற்கு மலை இல்லை. மரங்கூட இல்லை என்றே சொல்லலாம். முதன்முறை பார்ப்போர், 'இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்று மனஞ் சோர்தலும் கூடும். ஸ்கொத்லாந்தின் கீழ்க்கரையிலுள்ள சென்ற் அன்றூஸ் நகரத்துப் 'பழைய மைதானம்' என்பதே அவ்விடம்.

எடின்பரோ நகரத்திலிருந்து புகைவண்டியிற் புறப்பட்டால், சிறிது நேரத்திற் போர்த் கழிமுகத்தைக் கடக்கும் புகழ்பெற்ற இரும்புப் பாலத்தின்மேல் வண்டி செல்லும். 1890இல் திறக்கப்பட்ட இச்செந்நிறப் பாலம் தன்னளவிலேயே காணத்தக்கது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தின் பின் லூக்கேர்ஸ் என்னும் நிலையத்தில் இறங்கவேண்டும். சென்ற் அன்றூசுக்குச் சென்ற புகைவண்டிப் பாதை 1969இல் மூடப்பட்டுவிட்டமையால், எஞ்சிய ஐந்து மைல் தூரத்தையும் பேருந்திலே செல்லவேண்டும்.

நகரம் சிறியது, பழமையோ பெரியது. ஸ்கொத்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் 1413ஆம் ஆண்டிலிருந்து இங்கே நிலைபெற்றுள்ளது. அதன் மாணவர் அணியும் சிவப்பு மேலங்கி விழா நாட்களில் வீதிகளுக்கு வண்ணந் தீட்டும். நகரத்தின் கிழக்கெல்லையிலே, ஒருகாலத்தில் அந்நாட்டின் மிகப் பெரிய தேவாலயமாக விளங்கியதன் இடிபாடுகள் கடலை நோக்கி நிற்கின்றன. மேற்கெல்லையிலே கொல்ப் மைதானம் தொடங்குகின்றது.

மைதானம் அமைந்த நிலத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். கடல் பின்வாங்கிய இடத்தில் மணல் குவிந்து, அதன்மேற் காற்றுக்கு வளைந்து கொடுக்கும் குறும்புல் படர்ந்த நிலம் அது. உழவுக்கு உதவாது, மேய்ச்சலுக்கு மட்டுமே உதவும். யாழ்ப்பாணத்தார் 'தரவை' என்று சொல்லும் பொதுநிலத்தை நினைத்துக்கொண்டால் அதன் தன்மை எளிதில் விளங்கும். எவர்க்கும் தனியுரிமை இல்லாத நிலம். ஊராரின் ஆடு மாடுகள் மேயும் நிலம். மாலையிற் சிறுவர் கூடி விளையாடும் நிலம். எமது சிறுவர் தரவையிற் கிட்டிப்புள் அடித்தார்கள். ஸ்கொத்லாந்து மக்கள் தமது தரவையில் வளைகோலாற் பந்தை அடித்துத் தூரத்துக் குழியில் வீழ்த்தினார்கள். இன்று செல்வர் விளையாட்டாகத் தோன்றும் கொல்பின் தொடக்கம் இவ்வளவே.

மைதானத்தின் உறுப்புக்கள் பலவும் மனிதர் திட்டமிட்டு அமைத்தவையல்ல. குளிர்காற்றுக்கு அஞ்சிய செம்மறியாடுகள் மணல்மேட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்து கிடந்து பள்ளமான இடங்களே ஆட்டக்காரரைத் திகைக்கவைக்கும் மணற்குழிகளாயின என்பர். அவ்வாறான குழிகள் இங்கே 112 உண்டு. பதினான்காவது ஆட்டப்பாதையில் உள்ள ஒன்றுக்கு 'நரகம்' என்றே பெயர். ஆடுகளும் முயல்களும் கறித்த புல்லே பந்து உருளும் மெல்லிய தரையாயிற்று. இறுதிப் பாதையிலே சுவில்கன் என்னும் சிற்றோடையின் குறுக்கே சிறியதொரு கற்பாலம் இருக்கின்றது. ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்னர் இடையர் தம் மந்தையை ஓட்டிச் செல்வதற்காகக் கட்டியது என்று கருதப்படும் அப்பாலத்தின்மேல் நின்றுதான் இன்றைய உலக வீரர்கள் கையசைத்து விடைபெறுகின்றனர்.

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்க்கு ஒரு செய்தி. இம்மைதானத்திலே புறப்பட்டுப் போகும் வழியும் திரும்பி வரும் வழியும் அடுத்தடுத்து அமைந்திருத்தலால், ஏழு பெரும் புற்றரைகள் ஒவ்வொன்றும் இரண்டு குழிகளைத் தாங்குகின்றன. இரண்டாவதும் பதினாறாவதும் ஒரே தரையில். மூன்றாவதும் பதினைந்தாவதும் ஒரே தரையில். இவ்வாறு எந்த இணையைக் கூட்டினாலும் 18 என்றே வரும். அந்த 18 என்னும் எண்தானும் இங்கே பிறந்ததே. முன்னர் ஒரு முழு ஆட்டத்துக்கு 22 குழிகள் இருந்தன. 1764இல், தொடக்கத்திலிருந்த நான்கு சிறு பாதைகளை இரண்டாக ஒன்றுசேர்த்தனர். திரும்பும் வழியிலும் அவையே ஆகையால் நான்கு குறைந்தன. ஓர் ஊரார் தம் வசதிக்காகச் செய்த இம்மாற்றமே பின்னர் உலகம் முழுதுக்கும் விதியாயிற்று.

இனி, இந்நிலத்தின் கதையை நோக்குவோம். பதினைந்தாம் நூற்றாண்டிலே ஸ்கொத்லாந்து மன்னர்க்கு இவ்விளையாட்டு பிடிக்கவில்லை. இளைஞர் விற்பயிற்சியைக் கைவிட்டுப் பந்தடிக்கப் போகின்றனர் என்று கண்டு, 1457இல் கொல்பையும் காற்பந்தையும் சட்டத்தால் தடைசெய்தனர். 1471இலும் 1491இலும் அத்தடையைப் புதுப்பிக்கவேண்டி நேர்ந்தது. மும்முறை தடுத்தும் நிற்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

1552ஆம் ஆண்டிலே அவ்வூர்ப் பேராயர் ஹமில்ற்றன் என்பவர் ஒரு சாசனத்தில் ஒப்பமிட்டார். கடற்கரை நிலத்தில் முயல் வளர்க்கும் உரிமையைப் பேராயர் பெற்றார். அந்நிலத்திற் கால்நடை மேய்க்கவும், கொல்ப், காற்பந்து முதலிய ஆட்டங்களை ஆடவும் ஊராருக்குள்ள உரிமை அதிலே உறுதிசெய்யப்பட்டது. சென்ற் அன்றூஸ் மக்கள் தமது உரிமைக்கு இன்றும் எடுத்துக்காட்டுவது இச்சாசனத்தையே. முயலும் பந்தும் ஒரே ஏட்டில் இடம்பெற்றமை, இருநூற்றைம்பது ஆண்டுகளின் பின் நேரவிருந்த பெரும் பூசலுக்கு முன்னறிகுறிபோல் அமைந்தது.

1797இல் நகரசபை கடனில் மூழ்கியது. கடனைத் தீர்க்கும் வழி காணாது, பொதுநிலத்தையே விற்றுவிட்டது. நிலம் முயல் வளர்த்து வணிகஞ் செய்வோர் கைக்குச் சென்றது. முயல்கள் பெருகின, புல்லை அழித்தன, எங்கும் வளை தோண்டின. பந்து உருண்டால் வளைக்குள்ளே வீழ்ந்தது. நிலம் விற்கப்பட்டாலும் தமது ஆட்டவுரிமை விற்கப்படவில்லை என்று ஊரார் வாதிட்டனர். முயல்களைக் கொல்லத் தமக்கு உரிமை உண்டென்றனர். வழக்கு எடின்பரோ நீதிமன்றத்தில் நடந்து, இலண்டன் பிரபுக்கள் சபை வரையும் சென்றது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இவ்வழக்கும் கைகலப்பும் நீடித்தன. ஈற்றில், 1821ஆம் ஆண்டிலே, கொல்பில் விருப்புடைய சீப் என்னும் அயற்கிராம நிலப்பிரபு நிலத்தை விலைக்கு வாங்கி முயல்களின் ஆட்சியை முடித்துவைத்தார். 1894இலே தனியாகப் பாராளுமன்றச் சட்டம் ஒன்று நிறைவேற்றி, நகரம் தன் நிலத்தை மீட்டுக்கொண்டது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பொது நம்பிக்கைப் பொறுப்பு ஒன்றே இன்று அதனைப் பரிபாலிக்கின்றது.

ஆகவே, உலகிலே பெயர்பெற்ற இந்த மைதானம் எந்தக் கழகத்துக்கும் சொந்தமன்று. முதலாவது ஆட்டத்தொடக்கத்தின் பின்னே கம்பீரமாக நிற்கும் கல்மாளிகை மட்டும் 1754இல் தோன்றிய பெருங்கழகத்துக்கு உரியது. மாளிகை வாயிலுக்கு வெளியே உள்ள புல் ஊருக்கு உரியது. ஊரவரும் பல்கலைக்கழக மாணவரும் சலுகைக் கட்டணத்தில் ஆண்டுச் சீட்டுப் பெற்று ஆடுகின்றனர். வெளியூரவர் பலர் குலுக்கலில் இடம்பெறுகின்றனர். இரண்டு நாட்களுக்கு முன்னர் பெயர் கொடுத்தல் வேண்டும்.

இவ்வூரிற் கேட்ட ஒரு கதை எம்மவர்க்குச் சிறப்பாக உவப்பளிக்கும். முற்காலத்துக் கொல்ப் பந்து தோலுக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்தது, விலை மிக்கது, மழையில் நனைந்தாற் பயனற்றது. அதனால் ஏழைகள் ஆடுதல் அரிதாயிருந்தது. 1840களிலே, பற்றர்சன் என்னும் ஏழை மாணவர் ஒருவரின் வீட்டுக்குக் கீழைத்தேசத்திலிருந்து திருமாலின் திருவுருவம் ஒன்று வந்ததாம். அஃது உடையாதிருக்கப் பெட்டியில் இட்டிருந்தது மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து பெறப்படும் கட்டப்பெர்ச்சா என்னும் பொருள். அதனை வெந்நீரில் இளக்கி உருட்டி அவர் பந்து செய்தார் என்பது கதை. கதை எவ்வாறாயினும், 1848 அளவில் அப்பொருளாற் செய்த மலிவான பந்து பரவியதும், தொழிலாளரும் எளியோரும் ஆட்டத்திற் பெருந்தொகையாகச் சேர்ந்ததும் வரலாறு. திருமால் தம் காவலைச் சிலையோடு நிறுத்தாது சென்ற் அன்றூஸ் ஏழைகளுக்கும் விரித்தார் போலும்!

தேவாலய இடிபாடுகளின் நடுவேயுள்ள மயானத்துக்கும் செல்லாது திரும்புதல் ஆகாது. அங்கே தோம் மொறிஸ் என்னும் தந்தையும் அதே பெயர் கொண்ட மைந்தனும் துயில்கின்றனர். நெசவாளர் குடும்பத்திற் பிறந்த தந்தை 1864 முதல் நெடுங்காலம் இம்மைதானத்தின் காவலராய் இருந்தவர். பகிரங்கச் சுற்றுப்போட்டியில் நான்குமுறை வென்றவர். மைந்தனும் 1868க்கும் 1872க்கும் இடையில் நான்குமுறை வென்றான்; முதல் வெற்றியின்போது அவனுக்கு வயது பதினேழு. 1875 செப்தெம்பரில் இருவரும் கழிமுகத்துக்கு அப்பாலுள்ள நோர்த் பெரிக் என்னும் ஊரில் ஆடிக்கொண்டிருக்கையில், மகப்பேற்றில் மனைவி வருந்துகின்றாள் என்ற தந்தி வந்தது. படகேறிக் கடல் கடந்து விரைந்தனர். வீடு சேருமுன்னரே தாயும் சேயும் இறந்துவிட்டனர். அவ்வாண்டு நத்தார்ப் பண்டிகை நாளிலே, தன் இருபத்து நாலாவது வயதில், மைந்தனும் மறைந்தான். தந்தையோ 1908 வரை வாழ்ந்தார். மைந்தனின் கல்லறையிலே அவன் பந்தை நோக்கிக் குனிந்து நிற்கும் உருவம் செதுக்கப்பட்டிருக்கின்றது. அறுபது கொல்ப் கழகங்கள் பொருள் சேர்த்து அதனை எழுப்பின. அதன் முன்னே நிற்போர்க்கு, விளையாட்டு வெறும் விளையாட்டாகத் தோன்றாது.

அம்முதியவரின் பெயரோடு இணைந்த வழக்கம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளிற் பழைய மைதானத்தில் ஆட்டமில்லை. ஆடுவோர்க்கு ஓய்வு வேண்டாவிடினும் நிலத்துக்கு ஓய்வு வேண்டும் என்று அவர் கருதினார் என்பர். பெரும் போட்டிகள் நடக்கும் சில நாட்கள் நீங்கலாக, அவ்வழக்கம் இன்றும் பேணப்படுகின்றது.

நாம் அங்கு சென்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமையே. முதல் நாள் அதே இடத்தில் வேலிக்கயிற்றின் அருகே நின்று, பந்து பறப்பதை மரியாதையோடு பார்த்திருந்தோம். மறுநாள் கயிறும் இல்லை, காவலும் இல்லை. தாய்மார் குழந்தை வண்டிகளைத் தள்ளிச் சென்றனர். நாய்கள் ஓடித் திரிந்தன. பிள்ளைகள் 'நரக'க் குழிக்குள் இறங்க முனைந்தபோது பெரியோர் தடுத்து, மணலைக் கலைக்கலாகாது என்றனர். வயோதிபர் இருவர் சுவில்கன் பாலத்தின்மேல் நின்று ஓடையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தனர். வடகடற் காற்று எம் உடைகளைப் பற்றி இழுத்தது. புல்லின்மேற் காலை வைத்த பின்னரே அந்நிலத்தின் அலைபோன்ற ஏற்ற இறக்கம் எமக்குப் புலனாயிற்று. கயிற்றுக்கு வெளியே நின்றபோது தட்டையாகத் தெரிந்த வெளி, நடந்தபோது நூறு வடிவங் கொண்டது. மரமில்லை, மலையில்லை என்ற குறை அப்போது எம் நினைவில் இல்லை. கோடிப் பொன் பெறும் நிலத்தை வாரத்தில் ஒருநாள் எவரும் மிதித்துத் திரியலாம் என்று விட்டுவைத்திருக்கும் ஊரின் பெருமையே எம் கண்முன் நின்றது.

ஆயினும், இவ்வூரின் பெருமை குறையற்றதன்று. பொதுநிலத்திலும் பெண்கள் நெடுங்காலம் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டனர். கோலைத் தோளுக்கு மேலே ஓங்குதல் மாதர்க்கு அழகன்று என்று கருதிய அக்காலத்தில், பந்தைத் தரையில் உருட்டும் ஆட்டத்துக்காக 1867இல் அவர்கள் தனிக் கழகம் அமைத்துக்கொண்டனர். அப்புற்றரை மேடும் பள்ளமும் மிக்கதாகையால் அதற்கு 'இமயம்' என்று பெயர் வந்தது. கல்மாளிகைக் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்க வாக்களித்ததோ 2014இலேதான். அதற்கு முன்னரே, 2007இல், பெண்களுக்கான பகிரங்கப் போட்டி பழைய மைதானத்தில் முதன்முறை நடந்து, மெக்சிக்கோ தேசத்து லொரேனா ஒச்சோவா வெற்றி பெற்றார். மாளிகைக் கதவுக்கு முன்னே ஊர்நிலம் திறந்தது என்பது கருதத்தக்கது.

குடும்பத்தோடு செல்ல எண்ணுவோர்க்குச் சில குறிப்புக்கள். வைகாசி முதல் ஆவணி வரை பகல் நீண்டிருக்கும். ஆனி மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வெயிலைக் கண்டு ஏமாறாது கம்பளிச் சட்டை கொண்டு செல்க. கடல்மூடுபனி நொடிப்பொழுதில் வந்து கவியும். சனிக்கிழமை ஆட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமை நிலத்தையும் பார்த்தல் நன்று. ஆட்ட நாட்களில், முதலாவது பாதையையும் கடைசிப் பாதையையும் ஊடறுத்துக் கடற்கரைக்குச் செல்லும் பொதுவழியில் நடக்கையில் இருபுறமும் நோக்குக. சிறுவரை 'இமயத்'துக்கு அழைத்துச் செல்க. சிறு கட்டணத்தில் எவரும் அங்கே கோலும் பந்தும் பெற்று ஆடலாம். இமயத்திற் பந்துருட்டினோம் என்று ஊருக்கு வந்து பெருமையும் பேசலாம்.

ஸ்கொத்லாந்தர் தமது ஆட்டத்தை எமது நாட்டுக்கும் கொண்டுவந்தனர். நுவரெலியாவின் மைதானம் 1889இல் தோன்றியது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னர், 1879இல், கொழும்புக் கொல்ப் கழகம் தன் ஆட்டத்தைத் தொடங்கியது காலிமுகத்திடலிலே. பின்னர் கழகம் பொறளைப் பக்கம் தனக்கென நிலம் பெற்றுச் சென்றது. காலிமுகத்திடல் மக்களிடமே தங்கியது. 1859இல் அங்கே உலாவீதி அமைத்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் மாதர்க்கும் சிறுவர்க்கும் உரியதாக அதனைப் பின்வரும் ஆட்சியாளர் பேணவேண்டும் என்று கல்லிற் பொறித்து வைத்தார். அக்கல் இன்றும் நிற்கின்றது. சென்ற் அன்றூஸ் மக்களிடம் இருந்தது ஒரு தாட்சாசனம். எம்மிடம் இருப்பது ஒரு கற்சாசனம். சாசனந் தானாக நிலத்தைக் காப்பதில்லை. கடன்பட்ட சபை ஒருநாளில் விற்றதை மீட்க அவ்வூரார்க்குத் தொண்ணூற்றேழு ஆண்டுகள் சென்றன. தரவையும் திடலும் விளையாட்டு வெளியும் உள்ள ஊர்களிற் பிறந்த எம் பிள்ளைகள், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரத்தக்க பொருள்களுள் இவ்வொரு செய்தியும் இருத்தல் வேண்டும்.